கீழ் இடது கோரைப்பல்

மார்ச் 3

தம்பிக்கு,

மெழுகைக் காணவில்லை. ஒன்பது நாளாகிறது.

மெழுகு என் நாய். உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு உன் காப்பகத்தில் ஒரு நாய் கேட்டேன். வீட்டைப் பார்வையிட நீயே வந்தாய். டீ குடித்தாய். ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தாய். பிறகு படிவத்தில், ‘விண்ணப்பதாரர் நாளில் பத்து மணி நேரம் வீட்டில் இருப்பதில்லை. தகுதி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அந்தப் படிவம் என்னிடம் இருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு மேலே நீ எழுதி, அடித்துவிட்ட ஒரு வரி உண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். அதை எழுதிய கையே அதை எப்படி அடித்தது என்பதுதான் என் கோபம். தகுதி இல்லை என்றதுகூட இல்லை.

வேலை மாறி இந்த ஊருக்கு வந்ததும் இங்குள்ள காப்பகத்தில் விண்ணப்பித்தேன். கொடுத்தார்கள். பழைய மெழுகின் மஞ்சள் நிறம். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் நான் நாள் முழுதும் மெழுகில்தான் பல் செதுக்குகிறேன், வேறு பெயர் தோன்றவில்லை. பகல் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து அவளை வெளியே கூட்டிப்போய்விட்டுத் திரும்ப வேலைக்குப் போவேன். உன் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

படிக்கட்டுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாசனை போகட்டும் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனேன். ஐந்து நிமிடம். குரைப்பே கேட்கவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் சொன்னார்: “தெரிஞ்சவங்க பின்னாடி போற மாதிரி வாலாட்டிக்கிட்டே போச்சும்மா. நீங்கதான் யாரோடயோ அனுப்பறீங்கன்னு நெனச்சேன்.” முன்னால் போனது யார் என்று அவர் பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாராம்.

போஸ்டர் ஒட்டிவிட்டேன். அடுத்து என்ன செய்வது? உன் வேலையே அதுதானே. சொல்.

அக்கா

•

மார்ச் 6

அக்கா,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிரிக்க நேரமாயிற்று.

படிவத்தைப் பற்றி இப்போது எழுத வேண்டாம். எழுதினால் சரியாக வராது.

போஸ்டரில் எல்லா அடையாளத்தையும் போட்டிருப்பாய். எல்லோரும் போடுகிறார்கள். ஒன்றையாவது கிழித்துவிடு, அல்லது போஸ்டரில் இல்லாத ஒன்றை மனதில் வைத்துக்கொள். அதை யாரிடமும் சொல்லாதே. யாராவது கூப்பிட்டு ‘உங்கள் நாய் எங்களிடம் இருக்கிறது’ என்றால், நீயாக எதையும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களைச் சொல்லவிடு. பெரும்பாலும் ஒரு பொறுமையான குரல் வரும். காப்பகத்திலிருந்து பேசுகிறோம் என்று சொல்லும். வண்டி அடித்துவிட்டது, உடனே அறுவை சிகிச்சை, உடனே பணம் என்று சொல்லும். எந்தக் காப்பகமும் அப்படிக் கேட்காது. நாங்கள் முதலில் ‘வந்து பாருங்கள்’ என்போம். பார்க்கவிடாதவனிடம் நாய் இல்லை, அல்லது இருக்கக்கூடாத விதத்தில் இருக்கிறது.

அந்த மறைத்த அடையாளத்தை எனக்கு மட்டும் எழுது. இங்கே தினமும் நாய்கள் வருகின்றன. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன் செய்யட்டுமா?

தம்பி

•

மார்ச் 9

தம்பிக்கு,

போன் செய்யாதே. அது அடிக்கும்போதெல்லாம் ஓடுகிறேன். எடுத்ததும் உன் குரல் என்றால், மெழுகு இல்லை என்ற ஏமாற்றத்தை உன் தலையில் கொட்டுவேன். கடிதத்தில் இரண்டு மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் ஆறிவிடும்.

நீ சொன்ன குரல் வந்தது. உன் கடிதம் வந்த அன்றே. ஒரு பெண்.

“காப்பகத்துலேர்ந்து பேசறோம்மா. உங்க நாய் அடிபட்டுக் கெடந்துது. இடுப்பெலும்பு போயிருக்கு. டாக்டர் ரெடியா இருக்காரு, நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா…”

“எந்தக் காப்பகம்?”

“இப்ப அதுவாம்மா முக்கியம்? அது வலில துடிக்குது.”

“வந்து பார்க்கணும்.”

“ஆபரேஷன் ரூம்ல வெளியாளுங்கள விடமாட்டாங்க.”

“சரி, அவளுக்குன்னு ஒரு அடையாளம் சொல்லுங்க.”

“போஸ்டர்ல போட்ட மாதிரியேதான்மா இருக்கு.”

வைத்துவிட்டேன். கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்தேன். அதன்பிறகு அன்று ஒரு பல்கூட ஒழுங்காக வரவில்லை. அவள் சொன்னது உண்மையாக இருந்தால்? எங்கோ ஒரு மேசையில் மெழுகு கிடக்க, ‘அந்தம்மா சரின்னு சொல்லல’ என்று ஒருத்தி விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தால்?

‘யாரிடமும் சொல்லாதே, எனக்கு மட்டும் எழுது’ என்கிறாய். உன் விதிகள் எப்போதுமே உனக்கு முன்னால் வந்து நின்றுவிடும்.

எழுதுகிறேன். கீழ்வரிசை, இடது கோரைப்பல். பாதியில் உடைந்தது. கல்லைக் கடித்து உடைத்துக்கொண்டாள். உதட்டை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அக்கா

•

மார்ச் 12

அக்கா,

நீ வைத்தது சரி. அந்தப் பெண்ணிடம் நாய் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பாள்.

இந்த வாரம் இங்கேயும் மூன்று பேருக்கு அதே போன், அதே இடுப்பெலும்பு. ஒருவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கேட்டதைக் கொடுத்துவிட்டு, சொன்ன முகவரிக்குப் போனார். பச்சைக் கதவு. கதவுக்குப் பின்னால் கட்டடம் இல்லை. வெறும் நிலம். கதவு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்து நின்றிருக்கிறது. திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். போகும்போது, “கதவுக்கு ஏன் சார் பெயின்ட் அடிக்கணும்?” என்றார்.

உன் கடிதங்களை எங்கள் வண்டி மாமாதான் தபால் நிலையத்திலிருந்து எடுத்து வருகிறார். மாதம் இரண்டு முறை காப்பகங்களுக்கிடையே நாய்களை ஏற்றிச் செல்பவர். மற்ற நாட்களில் தபால், தீவனம், மருந்து எல்லாம் அவர் கைதான். நேற்று உறையை நீட்டி, “அக்கா லெட்டரா? பிரிப்பா. மொகத்தப் பாத்தா பரீட்சை ரிசல்ட் மாதிரி வெச்சிருக்க” என்று சிரித்தார். இங்கே எல்லா நாய்க்கும் அவர் என்றால் உயிர்.

உனக்காக ஒரு காரியம் செய்திருக்கிறேன். பலன் வந்தால் சொல்கிறேன்.

படிவத்தைப் பற்றி: எனக்கு மேலே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். சொந்த அக்காவுக்கு விதியைத் தளர்த்தினேன் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதும்போதே அது போதாது என்று தெரிகிறது.

தம்பி

•

மார்ச் 16

நேற்று இன்னொரு போன். ஆண் குரல். அவசரமே இல்லாத குரல். இடுப்பெலும்பு இல்லை, டாக்டர் இல்லை.

“நாய் பத்திரமா இருக்கும்மா. சாப்பிடுது. நீங்க பயந்துராதீங்க.”

அடையாளம் கேட்டேன்.

“கீழ்வரிசைல, எடது கோரப்பல்லு பாதிதான் இருக்கு.”

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று நினைக்கிறேன். ‘ஆமா, ஆமா, அவதான்’ என்றேன். ஒரு நிமிடம் முழுதாக நான் சந்தோஷமாக இருந்தேன், தம்பி.

பிறகு நினைவு வந்தது.

மெழுகின் கோரைப்பல் உடையவில்லை. நான்கும் முழுசாக இருக்கின்றன. வாரம் ஒரு முறை நானே தேய்த்துவிடுகிற பற்கள். யாரிடமும் சொல்லாதே என்றாய். அந்த ‘யாரிடமும்’ என்பதில் உன்னையும் சேர்த்துக்கொண்டேன். உன் விதியை இந்த ஒரு தடவை உன்னைவிட ஒழுங்காகப் பின்பற்றியது நான்தான். அந்தப் பொய்யை உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் எழுதினேன். ஆறு நாளில் அது வேறொருவர் குரலில் எனக்கே திரும்பி வந்துவிட்டது.

யாரிடம் சொன்னாய்?

நாயைப் பார்க்க வேண்டும் என்றேன். “போட்டோ அனுப்பறேம்மா. அதுவரைக்கும் லைன காலியா வெச்சிருங்க. யாருக்கும் பேசாதீங்க” என்றான். இந்தப் போனை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவன் சொன்னபடிதான் செய்கிறேன் என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

‘அக்கா’ என்று கையெழுத்துப் போட வரவில்லை.

•

மார்ச் 19

அக்கா,

சொன்னது நான்தான். ஒரு ஆளிடம் இல்லை.

பதினொரு காப்பகங்களுக்குப் பொதுவாக ஒரு பட்டியல் இருக்கிறது. காணாமல்போன விலங்குகள். வேலை செய்பவர்கள் மட்டும் பார்ப்பது. அதில் மறைத்த அடையாளத்தை எழுதக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதிக்கொடுத்தவனே நான். ஆனால் உன் நாயை யாரோ ஒருவர் தெரியாமல் வாங்கிக் கூண்டில் வைத்திருந்தால், உதட்டை இழுத்துப் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். மார்ச் 11 அன்று எழுதினேன். உனக்காகச் செய்த காரியம் அதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு உனக்காக மீறாத விதியை இப்போது மீறினேன்.

அந்தப் பட்டியலை முப்பது பேர் பார்க்கலாம். முப்பதில் ஒருவர்.

அழித்துவிட்டேன். காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுத்தேன். எழுதியவர், “நாய்தானே சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். மேலாளர் அம்மாவிடம் சொன்னேன். “நம்ம ஆளுங்களையே சந்தேகப்பட்டா அப்புறம் யாருதான்பா வேலை செய்யறது? வெளியிலேர்ந்து எவனோ பாத்திருப்பான்” என்றார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் பட்டியலைப் பற்றி எச்சரித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பொய் சொன்னது வலித்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் சொல்வதை நீ நம்பியிருப்பாய், கூப்பிட்ட இடத்துக்குப் போயிருப்பாய் என்பதும் தெரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

எங்கேயும் தனியாகப் போகாதே. போனை அணைத்துவிடு.

தம்பி

•

மார்ச் 22

தம்பிக்கு,

போட்டோ வந்தது. சென்ற கடிதத்தைத் தபாலில் போட்ட அன்றே வந்தது, இதுவரை எழுத வரவில்லை.

கையுறை போட்ட ஒரு கை. கீழுதட்டைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்திருக்கிறது. மூக்கில் பாதி, தாடை, கொஞ்சம் மஞ்சள் முடி. அவ்வளவுதான் படத்தில். மெழுகாக இருக்கலாம். ஆயிரம் நாய்களில் எதுவாகவும் இருக்கலாம்.

கீழ்வரிசை. இடது கோரைப்பல். பாதியாக இருக்கிறது.

நான் பதினான்கு வருடமாகப் பல் பார்க்கிறவள். கல்லைக் கடித்து எப்போதோ உடைந்த பல்லின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும். நடுவில் பழுப்பாக மூடிக்கொண்டிருக்கும். இதில் விளிம்பு கண்ணாடி மாதிரி நிற்கிறது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. உயிரோடு இருக்கிற நரம்பு. ஈறில் இடுக்கியின் தடம். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.

அவர்களிடம் இருந்த நாயின் பல் முழுசாக இருந்திருக்கிறது. என் வார்த்தைக்குப் பொருந்தவில்லை. பொருத்திவிட்டார்கள்.

வேலையில் எனக்கு அளவு வரும், ஒரு வரியில். ‘கீழ், இடது, கோரை.’ அதை வைத்துப் பல் செய்து அனுப்புவேன். இந்தத் தடவை அளவு எழுதிக்கொடுத்தது நான்.

படம் வந்து ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டான். அதே அவசரமில்லாத குரல்.

“பாத்தீங்களாம்மா? இன்னும் ஏதாவது அடையாளம் வேணுமா?”

கேட்டது அதுதான். வேறு எதுவும் இல்லை. காது, கால், வால் என்று நான் என்ன சொன்னாலும் அது நடந்துவிடும் என்று தெரிந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டேன். போனை அணைத்தேன். சிம்மை எடுத்து, பல் அச்சுக்குக் கலக்கிவைத்த பிளாஸ்டரில் போட்டேன். இறுகிவிட்டது. மேசையில் ஒரு வெள்ளைக் கட்டியாக இருக்கிறது.

அவளை மீட்கிற வழியையும் அதோடு சேர்த்துப் புதைத்துவிட்டேனா என்று தெரியவில்லை. நீ சொல்.

அக்கா

•

மார்ச் 26

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை மடித்து வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன்.

இன்று காலை வண்டி வந்தது. உன் ஊர்ப் பக்கத்துக் காப்பகங்களிலிருந்து மாற்றலாகி வரும் நாய்கள். தாளில் எட்டு. இறக்கியபோது ஒன்பது.

“மாமா, ஒண்ணு கூட இருக்கே?”

“வழில குட்டி போட்டிருக்கும்பா. உனக்கு எண்ணவும் தெரியாது, சிரிக்கவும் தெரியாது.”

குட்டி இல்லை. வளர்ந்த நாய். மஞ்சள். கழுத்தில் பட்டை இல்லை, தாள் இல்லை. எந்தக் காப்பகத்தில் ஏற்றியது என்று கேட்டால், “எங்கயோ ஏத்தினாங்க. நான் ஓட்டுவேனா, எழுதுவேனா?” என்கிறார். கடைசிக் கூண்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. மாமா போடும் பிஸ்கட்டுக்கு எல்லா நாய்களும் பாய்ந்தன. இது மட்டும் அவர் கையைப் பார்த்ததும் மூலைக்குள் போய்விட்டது.

மதியம் உதட்டை இழுத்துப் பார்த்தேன். கீழ் இடது கோரைப்பல். பாதி. நீ எழுதியபடியே, நடுவில் சிவப்பு.

நான் புகார் கொடுத்த பிறகு யாரோ பயந்து, கையில் இருந்ததை நாய்க்கூட்டத்தில் கலந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தாள் இல்லாத நாயை ஒளித்துவைக்கக் காப்பகத்தைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் இது மெழுகா? நான் அதைப் பார்த்ததே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காது அசைந்தது. இங்கே எந்தப் பெயருக்கும் எல்லா நாய்க்கும் காது அசையும். உன்னை வரவழைத்து, வேறு நாயாக இருந்து உன்னைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் இல்லை.

கேட்க எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். உண்மையான அடையாளம் எது?

தம்பி

•

மார்ச் 29

தம்பிக்கு,

நேற்றிலிருந்து இதை எழுதுகிறேன்.

அது மெழுகு இல்லை என்றால், யாருடையதோ ஒரு நாயின் பல் என் பொய்யால் போயிற்று. மெழுகு இன்னும் எங்கோ இருக்கிறாள். மெழுகுதான் என்றால், அவள் அவளாகவே அவர்களிடம் இருந்திருக்கிறாள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் முழுசாகத் திரும்பியிருப்பாள். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

நாக்கின் அடியில், வேருக்குப் பக்கத்தில், கடுகு அளவு நீலப் பொட்டு. அவள் கொட்டாவி விடும்போது நான் மட்டும் பார்த்தது. பிறவியிலேயே இருப்பது. யாராலும் அதை உடைத்துச் செய்ய முடியாது.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. பிஸ்கட். மெழுகைத் தத்தெடுத்த அன்று அவளை வண்டியில் கொண்டுவந்து இறக்கியவர் கையிலும் பிஸ்கட் இருந்தது. மாடிவரை ஏறி வந்தார். ‘மாமாகிட்ட சொல்லிட்டுப் போ’ என்று அவள் தலையைத் தடவினார். அவர் வண்டியைக் கிளப்பியபின்னும் அவள் வெகுநேரம் வாலாட்டிக்கொண்டிருந்தாள். ‘தெரிஞ்சவங்க பின்னாடி போற மாதிரி’ என்று தையல்காரர் சொன்னது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உங்கள் ஊர் மாமாவும் அவரும் ஒருவர்தானா?

இந்த உறையைப் பசையால் ஒட்டவில்லை. எங்கள் சிவப்பு மெழுகை உருக்கி ஊற்றி, ஆறுவதற்குள் செதுக்கும் கத்தியால் மூன்று கோடு கீறியிருக்கிறேன். கோடு இருந்தால் நீதான் முதலில் படிக்கிறாய்.

அக்கா

•

ஏப்ரல் 1

அக்கா,

கோடு இல்லை.

மெழுகு வழவழப்பாக இருந்தது. உருக்கித் திரும்ப ஊற்றியிருக்கிறார்கள். கவனமாக, பொறுமையாக. உறையை என் கையில் கொடுத்தவர் மாமா. “உங்க அக்கா பெரிய ராணியா? முத்திரையெல்லாம் வெச்சு அனுப்பறாங்க” என்றார். நானும் சிரித்தேன். பிரித்தபின்தான் நீ உள்ளே எழுதியிருந்ததைப் படித்தேன். கோட்டைப் பற்றி அவரும் படித்திருக்கிறார்; படித்தும் கீறவில்லை, எனக்குத் தெரியட்டும் என்றே விட்டிருக்கிறார்.

என் பட்டியலை அவர் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. உன்னுடைய எல்லாக் கடிதமும் முதலில் அவரிடம்தான் போயிருக்கிறது.

கடைசிக் கூண்டுக்குப் போனேன். வாயைத் திறக்கவிடவில்லை. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கொட்டாவி வந்தது.

பொட்டு இருக்கிறது, அக்கா. நீலம். கடுகு அளவு.

பதிவேட்டில் எழுதவில்லை. மாமா தீவனம் எடுக்கப் போன நேரத்தில் அவளைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்து என் அறையில் வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிறாள். காவல் நிலையத்தில் அவர் பெயரைக் கொடுத்தேன். இந்த முறை ‘நாய்தானே’ என்று சொல்லவில்லை. கண்ணாடிக் கடைக்காரரும் என்னோடு வந்திருந்தார்.

ஞாயிறு மாலை அவருடைய காரில் அவளைக் கொண்டுவருகிறேன். கார் அதற்கு முன்னால் கிடைக்காது. இனி காப்பக முகவரிக்கு எழுதாதே. இதை நானே தபால் நிலையத்தில் போடுகிறேன்.

முக்கியமானது: உன் வீட்டு மாடிப்படி அவருக்குத் தெரியும். நாக்குப் பொட்டும் இப்போது தெரியும். உனக்கு அவரை நினைவிருப்பதும் தெரியும். யார் வந்து என்ன அடையாளம் சொன்னாலும் திறக்காதே. என் பெயரைச் சொன்னாலும், என் குரல் மாதிரியே இருந்தாலும். படிவத்தில் நான் அடித்த வரி என்ன என்று கேள். அது நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போதும் அதை எழுதமாட்டேன்.

தம்பி

•

ஏப்ரல் 8

தம்பிக்கு,

அறை முகவரிக்கு எழுதுகிறேன். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய்.

மாமா சனிக்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை, வீடும் பூட்டியிருக்கிறது என்றாய். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ திரும்பிப் போயிருக்க மாட்டாய்.

சனிக்கிழமை நாலு மணி. கதவு தட்டப்பட்டது. மெதுவாக, இரண்டே தட்டு.

“அம்மா, உங்க தம்பி அனுப்பிச்சாரு. நாயக் கொண்டாந்திருக்கேன்.”

கதவருகே போய் நின்றேன்.

“நாக்குக்கு அடில நீலப் பொட்டு. சரிதானேம்மா? தொறங்க. பாவம், ரொம்ப தூரம் வந்திருக்கு.”

என் கை தாழ்ப்பாளில் இருந்தது. உன் கடிதத்தைப் படித்திருந்தும் இருந்தது. வெளியே நகம் தரையில் உரசும் சத்தம் வருகிறதா என்று கேட்டேன். இல்லை. மூச்சு ஒன்றே ஒன்றுதான்.

“படிவத்துல என் தம்பி அடிச்ச வரி என்ன?”

வெளியே ஏதோ காகிதம் சரசரத்தது. பிறகு, கோபமே இல்லாமல், “என்னம்மா, நம்பிக்கையே இல்லாமப் போச்சா?” என்றார். படி இறங்கும் சத்தம். அவசரமே இல்லை. ஜன்னலுக்குப் போகவில்லை. காலையில் பார்த்தபோது வாசல் மிதியடியில் ஒரு பிஸ்கட் இருந்தது.

அதனால்தான் ஞாயிறு நீ தட்டியபோது அவ்வளவு நேரம் எடுத்தேன். கேட்டேன். சொன்னாய். ‘இவளிடம் போகும் நாய்க்கு ஒரு குறையும் வராது.’ இன்னொரு தடவை சொல் என்றேன். சொன்னாய். மூன்றாவது தடவை பாதியில் நின்றுவிட்டாய்.

திறந்தேன். குறையோடு நின்றாள்.

என் முழங்காலில் நெற்றியை முட்டினாள். என்னிடம் அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்கிறேன். சாப்பிடுகிறாள், வலப்பக்கமாக மென்று. மருத்துவர் நரம்பை எடுத்துவிட்டார். மிச்சப் பல்லுக்கு என்னால் உறை செய்ய முடியும். அச்சு எடுத்தால் போதும். நான் தாடையைத் தொட்டால் கண்ணை மூடிக்கொண்டு நடுங்குகிறாள். கடிப்பதில்லை. அதுதான் தாங்கவில்லை.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் என் போஸ்டர்களைக் கிழித்தேன். கடைசிக் கம்பத்தில், என்னுடையதற்குப் பக்கத்தில், புதிதாக ஒன்று. பூனை. பெரிய எழுத்தில், பிழையில்லாமல், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். இடது முன்காலில் வெள்ளை, வால் நுனியில் முறிவு, வலக்காதில் கிழிசல், கீழே போன் நம்பர். நேற்று மாலைதான் ஒட்டியிருப்பார்கள். பசை இன்னும் ஈரம்.

பையிலிருந்து செதுக்கும் கத்தியை எடுத்தேன். வால் நுனியைச் சுரண்டினேன். காதைச் சுரண்டினேன். தெருவில் ஒரு பெண் நின்று பார்த்தாள். திருடியைப் பார்ப்பதுபோல். சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பூனை அவளுடையதாகக்கூட இருக்கலாம். ஆனால் அவளுக்குப் பின்னால் சாலையோரத்தில் ஒரு வண்டி நின்றிருந்தது. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை.

எதுவும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தையும் சுரண்டினேன்.

அக்கா